நாலாவது கதிரை

கோணேசலிங்கம். வயது இருபத்துநாலு. சொந்த இடம் திருகோணமலை. இப்போது இருப்பது பஹ்ரைனில், மூன்று பேர் படுக்கிற ஓர் அறையில். அவனுடைய கட்டிலோரம் ஒரு கதிரை கிடக்கிறது. அதில் அவன் உட்கார்ந்திருக்க மாட்டான். மற்ற இருவரையும் இருக்க விடமாட்டான். ஒரு துவாயைக்கூட அதன்மேல் போட விடமாட்டான்.

"ஆருக்கு மச்சான் இந்தக் கதிரை, வரப்போற பொம்பிளைக்கோ?" என்று அவர்கள் பகிடி பண்ணுவார்கள்.

அவன் சிரிப்பான். சிரித்துவிட்டுக் கதிரையைப் பார்ப்பான்.

இது தொடங்கியது ஊரில், எழுபத்தொன்பதாம் ஆண்டு ஆவணியில், ஒரு படம் எடுக்கப் போய்.

அவனுடைய தாய் கனகம்மா முந்தின மாரியில் காய்ச்சலோடு போய்விட்டாள். அவள் உயிரோடு இருந்த காலத்தில் அவளை ஒரு படம் எடுத்து வைக்கவேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எல்லாம் முடிந்து சுவரில் மாட்ட ஒன்றும் இல்லாதபோது, தமக்கை சிவபாக்கியம் வெறும் ஆணி ஒன்றை அடித்து அதற்கு மாலை போட்டாள். விளக்கும் அந்த ஆணிக்குத்தான்.

கோணேசலிங்கத்துக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை. ஆனால் மாதங்கள் போகப்போகத் தாயின் முகம் அவனைவிட்டுக் கழன்றுகொண்டிருந்தது. குரல் இருந்தது. சோறு பிசைந்து தந்த கையின் மணம் இருந்தது. கண்ணை மூடினால் மூக்குத்தி தெரியும். மூக்குத் தெரியாது.

அதனால்தான் பஹ்ரைன் விசா கையில் கிடைத்த அன்று அவனுக்கு வந்த முதல் பயம் தகப்பனை, அவனுடைய ஐயாவைப் பற்றியதாக இருந்தது. இராசநாயகத்தார் துறைமுக டொக்யாட்டில் வேலை செய்து ஓய்ந்தவர். முழங்கால் இரண்டும் மடங்காது. அவருடைய முகம் உலகத்தில் இருந்தது ஒரே ஓர் இடத்தில்: இங்கிலீசுக்காரன் காலத்து டொக்யாட் பாஸில், தபால் முத்திரை அளவில். பாஸைக் கொழுவக் குத்திய துளை ஒரு கன்னத்தைக் கொண்டுபோயிருந்தது. தான் திரும்பி வர எத்தனை வருடமாகுமோ, அதற்குள் ஐயாவும் சுவரில் ஓர் ஆணியாகிவிட்டால்?

"ஒரு படம் ஐயா. ஒண்டே ஒண்டு. நான் கொண்டுபோக."

"என்ர மூஞ்சையில என்ன கிடக்கு? இருபத்துநாலு வருசம் பார்த்தனி, காணாதே?"

"காணாது ஐயா, போதாது."

கிழவர் தாடையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "சவரம் எடுக்க வெந்நீர் வைக்கச் சொல்லு கொக்காவை," என்றார். சிவபாக்கியம் அடுப்பை மூட்டப் போனாள்.

படம் எடுக்க வந்தவர் ஜவாஹிர் நானா. கிண்ணியாக்காரர், கடைத்தெருவில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். ஐயாவால் அவ்வளவு தூரம் நடக்க ஏலாது என்றதும், கமராப் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு பின்நேரம் வீட்டுக்கே வந்துவிட்டார். வீடு உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நின்றது. கச்சான் காற்று முற்றத்து மணலை அள்ளி அள்ளி வீசியது. தூரத்தில் ஒரு கப்பல் ஊதியது. எல்லாப் பின்நேரங்களையும் போல ஒரு பின்நேரம்.

முற்றத்தில் மூன்று பிரம்புக் கதிரைகள் போட்டார்கள். நடுவில் ஐயா. இந்தப் பக்கம் மகன், அந்தப் பக்கம் மகள். ஜவாஹிர் நானா குனிந்து கமராவுக்குள் பார்க்கும்போது பாக்கியம் எழுந்துவிட்டாள்.

"நில்லுங்கோ நானா. மூண்டு பேர் இருந்து படம் எடுக்கக் கூடாது."

"எடுத்தா என்ன புள்ள?"

"மூண்டில ஒராள் போயிடும்."

"எண்ட ஸ்டூடியோக்கு மூணு பேரா வந்தவங்க எல்லாம் அப்பிடிப் போயிருந்தா, நான் எப்பவோ படம் எடுக்கிறத உட்டுட்டு மையத்துக் குழி வெட்டப் போயிருப்பன்."

"பகிடி விடாதேங்கோ. நீங்களும் வந்து நில்லுங்கோ, நாலாகும்."

"அப்ப படத்த யாரு எடுக்கிற? காகமா?"

ஐயாவுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் பாக்கியம் அசையவில்லை. வழக்கமாக இப்படி மூன்றாய் வந்துவிட்டால் பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளையைத் தூக்கிவந்து மடியில் வைப்பார்கள். அன்று பக்கத்து வீட்டில் அம்மாள் வருத்தம், அம்மை. வாசல் படலையில் வேப்பிலை கட்டியிருந்தது. அங்கிருந்து யாரும் வரக்கூடாது, இங்கிருந்து போகவும் கூடாது.

பாக்கியம் உள்ளே போய், மூலையில் கிடந்த நாலாவது கதிரையை இழுத்துவந்தாள். ஐயாவின் கதிரைக்குப் பக்கத்தில், தன் கதிரைக்கும் அவருக்கும் நடுவில் அதைப் போட்டாள். தாயின் இளநீல நைலெக்ஸ் சேலையைக் கொண்டுவந்து அதன் முதுகில் விரித்தாள். பிறகு படையலுக்கு முன் நிற்பதுபோல் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். தாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் போகிறாள்.

ஜவாஹிர் நானா வெயிலைப் பார்த்தார். கோணேசலிங்கத்துக்கு வெட்கமாய்ப் போயிற்று. பிற மனிதன் ஒருவன் முன்னால் இப்படியா?

"பேரெல்லாம் சொல்லிக்கொண்டு நிக்காதை அக்கா, வெயில் போகுது," என்றான். "ஆராவது வந்து இருக்கட்டும். நாலெண்டால் சரிதானே."

ஐயா தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார்.

"வாயைப் பார்," என்றார். பாக்கியம் பெயரைச் சொல்லாமலே தன் கதிரையில் போய் இருந்தாள்.

காற்று நின்றது.

அது மெல்ல அடங்கவில்லை. கதவைச் சாத்தினாற்போல் நின்றது. பறந்துகொண்டிருந்த சேலைத் தலைப்பு கதிரையோடு ஒட்டிக்கொண்டது. எங்கிருந்தோ சேற்று மணம் வந்தது. வற்று நேரத்தில் கரையோரம் மணக்கிற கறுத்த சேறு. ஆனால் அன்று துறைமுகம் கரை தொட்டு நிரம்பிக் கிடந்தது.

"ஐயா, இங்க பாருங்க. இந்தக் கையப் பாருங்க."

ஐயா பார்க்கவில்லை. கமரா சொடுக்கென்ற அந்தக் கணத்தில் அவர் கழுத்தை முழுக்கத் திருப்பி, பக்கத்துக் கதிரையைப் பார்த்தார்.

"திரும்பிட்டீங்களே ஐயா. இன்னொண்டு எடுப்பம்."

"போதும்."

மடங்காத முழங்காலோடு அவர் அவ்வளவு கெதியாய் எழுந்ததை அவர்கள் கண்டதில்லை. பிள்ளைகளும் எழுந்தார்கள். மூன்று பிரம்புக் கதிரைகளும் கிறீச்சிட்டன.

கொஞ்சம் பிந்தி, நாலாவதும்.

பாக்கியத்துக்கும் அது கேட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"காத்து," என்றான் அவன்.

காற்று இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது எல்லாம் சின்னச் சின்ன விசயம். மூலைக்குத் திரும்பிப் போன கதிரையின் பிரம்பு நடுவில் பள்ளமாய் இறங்கியிருந்தது. தடவிப் பார்த்தால் ஈரம். துடைத்துவிட்டுப் போய் வந்தால் திரும்பவும் ஈரம். ஐயா ஹோலில் இருப்பதை விட்டுவிட்டுக் அடுப்பு எரிகிற குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டார். முதுகைச் சுவரோடு வைத்தபடியே இருந்தார்.

ஒரு காலை பாக்கியம் புட்டுப் பரிமாறினாள். கோணேசலிங்கம் சாப்பாட்டுக் கோப்பைகளைப் பார்த்துவிட்டு, "இது ஆருக்கு?" என்று கேட்டான்.

நாலு கோப்பை. நாலிலும் புட்டு. நாலிலும் சம்பல்.

அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். "தெரியேல்லை," என்றாள். "ஆக்களை எண்ணித்தான் போட்டனான்."

படத்தை ஜவாஹிர் நானாவே கொண்டுவந்தார். சைக்கிளைச் சாத்தவில்லை. படலைக்கு வெளியே நின்றபடியே மணியை அடித்தார். கோணேசலிங்கம் போனதும், உறையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"தம்பி, நான் பொய் சொல்ற ஆள் இல்ல. நெகட்டிவ்ல அது வெறுங்கதிர. வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தன். சேல மட்டும்தான் கிடக்கு. படமாக் கழுவி எடுத்தா இப்பிடி வருது."

"எப்பிடி?"

"முதல்ல கழுவினதக் கிழிச்சுப் போட்டன். இது ரெண்டாவது. மூணாவது நான் கழுவ மாட்டன்."

"ஏன் நானா?"

அவர் வீட்டைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"முதல்ல குனிஞ்சு இருந்திச்சு. இதுல நிமிந்து இருக்கு."

உறையை அவன் கையில் திணித்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். வாசலுக்கு எதிரே ஏறும் மேட்டில் யாரும் சைக்கிள் ஓடுவதில்லை, இறங்கித்தான் உருட்டுவார்கள். அவர் ஏறி மிதித்துக்கொண்டு போனார்.

படத்தில் கோணேசலிங்கம் இருந்தான், கொஞ்சம் அசட்டுச் சிரிப்போடு. பாக்கியம் இருந்தாள். நடுவில் ஐயா. அவருடைய முகம் இல்லை. திரும்பிய கழுத்தும் ஒரு காதும் நரைத்த பிடரியும்தான். எதற்காக இத்தனையும் செய்தானோ அது மட்டும் படத்தில் இல்லை.

அவர் பார்த்த பக்கத்தில், நாலாவது கதிரையில், சேலை எழும்பி நின்றது. தலைக்கு முக்காடு போட்டால் எப்படி நிற்குமோ அப்படி. கீழே இரண்டு முழங்கால்கள் துணியைத் தள்ளிக்கொண்டிருந்தன. முக்காட்டுக்குள் முகம் இருக்க வேண்டிய இடம் வெறும் கறுப்பு.

பாக்கியம் படத்தைப் பறித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "அம்மா வந்திட்டா," என்றாள். "தம்பி, அம்மா வந்திட்டா."

அவனுக்கும் கண் நிறைந்தது. பயம் எங்கேயோ போய்விட்டது. படத்தை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், அந்தக் கறுப்புக்குள் மூக்குத்தியைத் தேடினான். கண்ணுக்கு மிகக் கிட்டவாகப் பிடித்துத் தேடினான். படத்தாள் சேறு மணத்தது.

"கொண்டா பார்ப்பம்," என்றார் ஐயா.

வாங்கிப் பார்த்தார்.

"இது உங்கட கொம்மா இல்லை."

"சேலை அம்மாவின்ரை தானே ஐயா."

"சேலை அவளின்ரை. உள்ளுக்கு இருக்கிறது அவள் இல்லை." கிழவர் படத்தைக் கவிழ்த்து மேசையில் வைத்தார். "என்னைக் கட்டி வந்த நாள் தொடக்கம் அவள் எனக்குப் பக்கத்தில கதிரையில இருந்ததே இல்லை. இரு, இரு எண்டு நானே சொன்னாலும் தூணைப் பிடிச்சுக்கொண்டு நிற்பாள். செத்தாப்பிறகு வந்து சரிசமமா இருப்பாளோ?"

பாக்கியம் மெல்ல ஆணிப் பக்கம் திரும்பினாள்.

"அப்ப ஆர் ஐயா?" என்றான் கோணேசலிங்கம்.

"ஆரெண்டு நான் கண்டனானோ? கொக்கா பேர் சொல்லிக் கூப்பிட வெளிக்கிட்டாள். நீ மறிச்சனி. ஆராவது எண்டு சொன்னனி." அவர் மூலையைப் பார்க்காமலே பேசினார். "ஆரோ வந்திருக்கு."

மூலையில் பிரம்பு மெதுவாகக் கிறீச்சிட்டது.

அன்றைக்கே கோணேசலிங்கம் அந்தக் கதிரையைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனான். சேலையை மட்டும் வீட்டில் விட்டான். மண்ணெண்ணெய் ஊற்றி நெருப்பு வைத்தான். பிரம்பு காய்ந்த பிரம்புபோல் எரியவில்லை. ஈர விறகுபோல் சீறிச் சீறி எரிந்தது. சாம்பலைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்தபோது, பாக்கியம் குசினிக்குள் நின்று ஐயாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஐயா தன் கதிரைக்குப் பக்கத்தில் நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் ஆட ஆட நின்றார்.

"ஏன் ஐயா நிக்கிறியள்? இருங்கோவன்."

"இடமில்லை," என்றார் அவர்.

கதிரையின் பிரம்பு பள்ளமாக இறங்கியிருந்தது.

"அதின்ரை கதிரையை எரிச்சுப்போட்டாய். இப்ப என்னை எழுப்பிப்போட்டுது."

அவரைக் கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் கட்டிலிலிருந்தும் இறங்கி நின்றார். பாயில் ஈரம். நிலத்தில் இருத்தினார்கள். நிலத்திலும் அவர் இருந்த இடத்தில் கறுத்த நீர் ஊறிக்கொண்டு வந்தது. மறுநாளும் அப்படியே. எழுபது வயது கிட்டிய மனிதர், ஒரு கையால் யன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கினார். கால்கள் இரண்டும் வீங்கின. சோறு இறங்கவில்லை. மூன்றில் ஒராள் போகும் என்று பாக்கியம் சொன்னது வேறு விதமாக நடந்துகொண்டிருந்தது. ஆள் போகப்போவது மூன்று பேர் இருந்ததால் அல்ல. நாலாவதுக்கு இடம் வேண்டியிருந்ததால்.

கொழும்புக்கு ரயில் ஏற வேண்டிய நாளும் வந்தது.

"நான் போகேல்லை," என்றான் கோணேசலிங்கம்.

"நீ இஞ்ச நிண்டு என்ன செய்யப் போறாய்? என்னோட சேர்ந்து நிக்கப் போறியோ?" ஐயா சிரிக்கப் பார்த்தார். உதடு வெடித்திருந்தது.

அவன் மேசையில் கவிழ்ந்து கிடந்த படத்தை எடுத்தான். குசினி வாசலில், பள்ளம் விழுந்த ஐயாவின் கதிரைக்கு முன்னால் போய் நின்றான். என்ன செய்யப்போகிறான் என்று கிழவருக்கு விளங்கிவிட்டது.

"டேய், வேண்டாம். நீ போற இடத்தில உனக்கு ஆர் இருக்கினம்?"

"அதுதான் ஐயா. ஒராளாவது வரட்டும்."

"கோணேசு."

அவன் திரும்பவில்லை. அக்கா அன்று நின்றதுபோலவே கையைக் கூப்பினான்.

"உங்களைக் கூப்பிட்டது நான்," என்றான். "ஐயாவுமில்லை, அக்காவுமில்லை. எழும்புங்கோ. என்னோட வாங்கோ."

குசினிக்குள் தண்ணீர் சொட்டுகிற சத்தம்கூட இல்லை.

பிரம்பு கிறீச்சிட்டது. இருந்தவர் எழும்பும்போது கேட்கிற கிறீச்சு.

பள்ளம் மெல்ல மெல்ல நிமிர்ந்து மட்டமாயிற்று. பாக்கியம் சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். ஐயா ஒரு கையை நீட்டிக் கதிரையைத் தடவினார். பிறகு, நாட்கணக்காய் நின்ற மனிதர், அப்படியே அதில் இறங்கி இருந்தார். இருந்துகொண்டு அழுதார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தபோது கோணேசலிங்கம் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் மணலில் ஈரக் கால் பதிகிற சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.

அன்றைக்கு மெயில் ரயிலில் கூட்டம். வாசல் படியிலும் ஆட்கள், சாமான் தட்டிலும் பிள்ளைகள். அவனுக்கு யன்னலோரம் ஓர் இடம் கிடைத்தது. அவனுக்குப் பக்கத்து இடம் மட்டும் காலியாகவே கிடந்தது. ஆட்கள் நெருங்கி வருவார்கள், மூக்கைச் சுளிப்பார்கள், விலகிப் போய் நிற்பார்கள். கடைசியில் புல்மோட்டைப் பக்கத்து மனுசி ஒருத்தி, கையில் மூட்டையோடு வந்து கேட்டாள்.

"தம்பி, இதுல ஆள் இருக்கா?"

அவன் பக்கத்து இடத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"ஓம்," என்றான். "இருக்கு."

பஹ்ரைனுக்கு வந்தபின் அக்காவிடமிருந்து சேதி வந்தது. ஐயாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. பழையபடி ஹோலில் இருந்து பேப்பர் வாசிக்கிறார். கோப்பை கணக்காகப் போடுகிறேன், இரண்டுதான் என்று முடித்திருந்தாள்.

அதைப் படித்த அன்று பின்நேரம், வந்த நாள் தொடக்கம் பெட்டிக்கடியில் கிடந்த படத்தை அவன் முதன்முதலாய் வெளியே எடுத்தான்.

படத்தில் நாலாவது கதிரை வெறுமையாய் இருந்தது. சேலை அதன் முதுகில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. முக்காடு இல்லை, முழங்கால் இல்லை. அதைவிட ஒன்று, தன் கண்ணையே அவனால் நம்ப முடியாத ஒன்று: ஐயா திரும்பியிருந்தார். முகம் முழுதாகத் தெரிந்தது. வெந்நீரில் எடுத்த சவரம், இடது புருவத்து வெட்டு, துளை விழாத இரண்டு கன்னமும். அவன் கேட்ட முகம். அவன் படத்தை நெற்றியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான்.

கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தபோதுதான் கவனித்தான். ஐயா அவனைப் பார்க்கவில்லை. படத்தை எப்படிப் பிடித்தாலும், அவருடைய கண் அவனுடைய தோளைத் தாண்டி, கொஞ்சம் பின்னால் போய் நின்றது. கட்டிலோரம் கதிரை கிடக்கிற பக்கம்.

அறை முழுக்கச் சேற்று மணம். பாலைவனத்து வெயிலில் காய்ந்து கிடக்கிற ஊர் அது.

அன்று தொடக்கம்தான் அவன் அந்தக் கதிரையை யாருக்கும் கொடுப்பதில்லை. அதற்கு அங்கே இடம் இருக்கிறவரை, இன்னொருவரை எழுப்பாது.

இதை வாசிக்கிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். வயதுபோன தாய் தகப்பன் வீட்டில் இருந்தால், காலத்தோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். மூன்று பேர் என்றால், மூன்று பேராகவே இருந்து எடுங்கள்.